கப்டன் மொர்வானின் விளக்கு

கப்டன் மொர்வான் ஓடி வந்ததைச் சாரங்கி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

எழுபத்துநான்கு வயது மனிதர். நடக்கும்போதுகூட நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் நடப்பார். பத்து அடிக்கு ஒருமுறை குனிந்து ஒரு சிப்பியையோ நத்தை ஓட்டையோ எடுத்துச் சட்டைப் பைக்குள் போடுவார். அவரோடு பாண் வாங்கப் போனால் திரும்பி வர அரை நாள் ஆகும். அப்படிப்பட்டவர் அந்தச் சனிக்கிழமை காலையில், ரப்பர் பூட்ஸ் சளக் சளக்கென்று சத்தம்போட, கடற்கரைப் பக்கமிருந்து ஓடி வந்தார். இரண்டு கைகளிலும் எதையோ பொத்திப் பிடித்திருந்தார்.

“சாரங்கி! வா, வா! உடனே வா!”

சாரங்கி சைக்கிளை அப்படியே புல்லில் போட்டுவிட்டு அவருக்குப் பின்னால் ஓடினாள். அவளுடைய தம்பி ஜதுர்சனும் ஓடினான். என்ன ஏது என்று அவனுக்குத் தெரியாது. யாராவது ஓடினால் அவனும் ஓடுவான். ஆறு வயது அப்படித்தான்.

கப்டன் அவர்களுக்குப் பக்கத்து வீடு. ஓல்போர்க் நகரத்திலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடம் போனால், ஃபியோர்ட் ஓரமாக வருகிற சின்ன ஊர் அது. ஃபியோர்ட் என்றால் நிலத்துக்குள் நீளமாகப் புகுந்து வந்த கடல். அந்த ஊரில் எல்லாரும் கப்டனை எத்தியென் என்று பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், பால்வாடிப் பிள்ளைகள் உட்பட. டென்மார்க்கில் அதுதான் வழக்கம். ஆனால் சாரங்கியின் அம்மா சுஜாந்தினிக்கு அது கொஞ்சமும் பொறுக்காது.

“பேரன் பேத்தி கண்ட வயசு மனிசனைப் பேர் சொல்லிக் கூப்பிடுறதே? வாய் அழுகிப்போகும்” என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால்தான் ஒரு காலத்தில் கடற்படையில் இருந்த அவர் சாரங்கிக்குக் கப்டன்.

கப்டனும் சாரங்கியும் பேசிக்கொள்வது டேனிஷ் மொழியில். அவருடைய டேனிஷில் பிரெஞ்சு வாடை வீசும். அவளுடைய டேனிஷில் ஓல்போர்க் வாடை வீசும். நமக்கு வசதியாக இருக்கட்டும் என்று நான்தான் அதைத் தமிழில் சொல்கிறேன்.

கப்டனின் சமையலறை மேசையில் தட்டு வைக்க இடம் இராது. எங்கே பார்த்தாலும் சிப்பி, எலும்பு, கல், சீட்டு ஒட்டிய சின்னச் சின்னப் பெட்டிகள். அவர் கையால் நாலு பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, ஒரு வெள்ளைத் துணியை விரித்து, பொத்தி வைத்திருந்ததை மெல்ல அதன்மேல் வைத்தார்.

“பார்” என்றார்.

சாரங்கி பார்த்தாள்.

முட்டை வடிவத்தில், உள்ளங்கை அளவில் ஒரு சின்ன மண் கிண்ணம். ஒரு முனை மூக்குப் போலக் கிள்ளிவிடப்பட்டிருந்தது. அந்த மூக்கில் கரி. அடிப்பக்கம் முழுதும் காய்ந்த சேறும் சிப்பித் துண்டுகளும் ஒட்டியிருந்தன.

“விளக்கு!” என்றார் கப்டன். “ஆறாயிரம் ஆண்டுப் பழைய விளக்கு! சிப்பி மேட்டிலிருந்து சரிந்து விழுந்த குவியலுக்குள் கிடந்தது.”

சிப்பி மேட்டைச் சாரங்கிக்கு நன்றாகத் தெரியும். ஃபியோர்ட் கரையில் வீட்டுக் கூரை உயரத்துக்கு நிற்கிறதே, அது மண்மேடு அல்ல. ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே வாழ்ந்தவர்கள் தின்றுவிட்டு எறிந்த சிப்பி ஓடுகள். அப்பன் எறிந்த இடத்தில் மகன் எறிந்து, மகன் எறிந்த இடத்தில் பேரன் எறிந்து, மேடாகிவிட்டது. நம் வீட்டில் அப்படி எறிந்தால் அம்மா சும்மா விடுவாரா? ஆனால் அவர்கள் கூட்டித் துடைக்காமல் விட்டதால்தான் அவர்கள் என்ன தின்றார்கள் என்று இன்றைக்கு நமக்குத் தெரிகிறது. குளிர்காலப் புயல்கள் மேட்டை அரிக்க அரிக்க, விழுகிறதைப் பொறுக்கிப் பதிந்து வைப்பது கப்டனின் வேலை. அதற்கு அருங்காட்சியகம் அவருக்கு எழுத்தில் அனுமதி கொடுத்திருந்தது.

“அந்தக் காலத்து ஆட்கள் இப்படித்தான் விளக்குச் செய்தார்கள். கடல்நாயின் கொழுப்பை ஊற்றி எரிப்பார்கள்” என்றார் கப்டன். பூதக்கண்ணாடியை எடுத்து அவளிடம் நீட்டினார். “இந்த இடத்தைப் பார். குழியாக ஒன்று தெரிகிறதா? அது பெருவிரல் அடையாளம். இவ்வளவு சின்னப் பெருவிரல் யாருக்கு இருக்கும்? பிள்ளைக்கு! சாரங்கி, ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் உன் வயதுப் பிள்ளை ஒன்று இதைச் செய்திருக்கிறது!”

கப்டனின் கண்கள் கலங்கிவிட்டன. அவர் கைக்குட்டையைத் தேடினார். அகப்பட்டதோ ஒரு நண்டு ஓடு.

சாரங்கி தன் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

அந்தப் பெருவிரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அது அவளுடையது.

போன நவம்பரில் கார்த்திகை விளக்கீட்டுக்கு ஓல்போர்க் தமிழ்க் கடையில் சிட்டி, அதாவது சின்ன அகல் விளக்கு, வரவில்லை. “அதுக்கென்ன, நாங்களே செய்வம்” என்றார் அப்பா கோணேசன். ஃபியோர்ட் கரையில் நீலநிறக் களிமண் தோண்டி வந்தார்கள். சாரங்கி மூன்று சிட்டி செய்தாள், ஜதுர்சன் மூன்று செய்தான். ஒரு கிழமை குசினி யன்னலில் காயவைத்து, பிறகு கரையில், சிப்பி மேட்டடியில், எல்லாரும் நெருப்பு மூட்டுகிற பொது இடத்தில் வைத்துச் சுட்டார்கள். ஆறிய பிறகு நல்லெண்ணெய் விட்டுத் திரி போட்டு அங்கேயே வரிசையாகக் கொளுத்தினார்கள். செய்தது ஆறு. வீட்டுக்கு வந்து எண்ணினால் ஐந்து.

ஆறாவது இதோ, வெள்ளைத் துணியில், மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது.

“அக்கா, இது எங்கட…” என்று தமிழில் தொடங்கினான் ஜதுர்சன். சாரங்கி அவன் காலை மெல்ல மிதித்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

“அடுத்த சனிக்கிழமை என் எழுபத்தைந்தாவது பிறந்தநாள்” என்றார் கப்டன். “ஊர் மண்டபத்தில் எல்லாரும் வருகிறார்கள். அருங்காட்சியகத்திலிருந்து போடில் என்கிற ஆய்வாளர் வருகிறார். அவர் எல்லாருக்கும் முன்னால் இதன் அடிப்பக்கத்தைக் கழுவிக் காட்டப்போகிறார். அதுவரை நான் சேற்றைத் தொடமாட்டேன். அடியில் ஏதாவது அலங்காரக் கோடு இருந்தாலும் இருக்கலாம்!”

கோடு இருந்தது. அதுதான் சிக்கலே. தம்பியின் சிட்டியோடு கலந்துவிடாமல் இருக்கவேண்டும் என்று சாரங்கி தன்னுடைய சிட்டிகளின் அடியில் பல்லுக் குத்தும் குச்சியால் ‘சா’ என்று பெரிதாகக் கீறி வைத்திருந்தாள்.

கற்காலத்து மனிதர்கள் தமிழில் எழுதினார்கள் என்றால் யார் நம்புவார்கள்?

அந்தக் கிழமை முழுதும் சாரங்கிக்குப் பள்ளிக்கூடத்தில் ஒன்றும் ஓடவில்லை. கணக்குப் பாடத்தில் டேனிஷ் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“என்ன பிள்ளை, முகம் வாடிப்போய்க் கிடக்கு? காய்ச்சல் கீய்ச்சலே?” என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“ஒண்டுமில்லை அம்மா.”

அறைக்குள் போனதும் ஜதுர்சன் இரகசியக் குரலில் கேட்டான்: “அக்கா, நாங்கள் அதைக் களவெடுப்பமே?”

“விசரே உனக்கு?”

“இல்லாட்டி அவர் பாக்காத நேரம் சேத்துக்குள்ள இருக்கிற ‘சா’வை நான் சுரண்டிவிடுறன். பிறகு அது ஆறாயிரம் வருசம்தானே?”

சாரங்கி ஒரு நிமிடம் யோசித்தாள். மறைக்க மாட்டேன், உண்மையாகவே யோசித்தாள். பிறகு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சுரண்டினாலும் அது அவள் செய்த விளக்குத்தானே. போன வருச விளக்கை ஆறாயிரம் வருச விளக்கு என்று கப்டன் புத்தகத்தில் எழுதிவிட்டால், அவர் செத்த பிறகும் அது பொய்யாகவே கிடக்கும்.

வியாழக்கிழமை பின்னேரம் எப்படியும் சொல்லிவிடுவது என்று போனாள். கதவைத் திறந்தவர் அவளைப் பேசவே விடவில்லை.

“நல்ல நேரத்தில் வந்தாய். உட்கார். சனிக்கிழமை நான் பேசப்போவதைக் கேட்டுச் சொல்” என்று ஒரு கட்டுத் தாளை எடுத்தார்.

அவருடைய கதை முழுதும் அதில் இருந்தது. பதினெட்டு வயதில் பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்தார். இருபத்திரண்டு ஆண்டு கப்பல் வாழ்க்கை. துறைமுகத்தில் இறங்கினால் மற்ற அதிகாரிகள் மனைவிக்குச் சென்ட் வாங்கப் போவார்கள். இவர் காலுறையைக் கழற்றி அதற்குள் சிப்பி பொறுக்குவார். ஒருமுறை காலுறைக்குள் இருந்த நத்தைகள் செத்துக் கப்பலே நாறிவிட்டது. “கப்பலில் நத்தை இருக்கவேண்டும், அல்லது நான் இருக்கவேண்டும்” என்று தலைமை அதிகாரி கத்தினாராம். நாற்பது வயதில் கடற்படையை விட்டுவிட்டு, இருபது வயதுப் பிள்ளைகளோடு பல்கலைக்கழக வாங்கில் உட்கார்ந்து நத்தையும் சிப்பியும் படித்தார். சிப்பியைப் படிக்கப்போய்ச் சிப்பி மேடுகளில் விழுந்தார். சிப்பி மேட்டைத் தோண்டப்போய் அதைத் தின்ற மனிதர்களில் விழுந்தார். டென்மார்க்குக்கு இரண்டு கிழமைக்கென்று வந்தவர் முப்பது ஆண்டாக இங்கேயே இருக்கிறார்.

சாரங்கி நத்தைக் கதைக்கு வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கப்டன் தாளைக் கீழே வைத்தார்.

“இனிச் சொல்லப்போவதைப் பேச்சில் எழுதவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன்” என்றார். “இங்கே வந்த முதல் ஆண்டு, பெரிய பெரிய ஆய்வாளர்கள் கூடிய இடத்தில் ஒரு எலும்பைக் காட்டி, கற்கால ஊசி என்றேன். அது வெறும் வாத்துக் கால் எலும்பு. மண்டபமே சிரித்தது. ‘கப்பற்காரர் கப்பலுக்கே திரும்பிப் போகலாம்’ என்றார் ஒருவர். அதற்குப் பிறகு முப்பது ஆண்டு, நான் சிப்பி ஓடுகளை எண்ணினேன். மீன் முள்ளை எண்ணினேன். மனிதக் கை பட்ட பொருள் ஒன்றாவது கிடைக்காதா என்று ஏங்கினேன். இப்போது கிடைத்துவிட்டது.”

சாரங்கியின் வாய்வரை வந்த சொல் திரும்ப உள்ளே போய்விட்டது. “பேச்சு நல்லாயிருக்கிறது” என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். கட்டிலில் குப்புறப் படுத்துக் கொஞ்சம் அழுதாள்.

சொன்னால் அவர் மனம் உடைந்துபோகும். சொல்லாவிட்டால் சனிக்கிழமை எல்லாரும் பார்த்திருக்க ‘சா’ வெளியே வரும். மண்டபம் மறுபடியும் சிரிக்கும்.

அழுது முடித்து மூக்கைச் சிந்தியபோது அவளுக்குப் போன வருசப் பள்ளிக்கூடப் படம் ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சாரங்கி ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே வரப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். யாருமே சொல்லவில்லை. படம் எடுப்பதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, வகுப்புத் தோழி ஃப்ரேயா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய், காதுக்குள் சொன்னாள். அந்த நேரம் முகம் சிவந்து போனது உண்மைதான். ஆனால் ஃப்ரேயா மேல் ஒரு துளி கோபமும் வரவில்லை. படம் சுவரில் மாட்டிய பிறகு யாராவது சொல்லியிருந்தால்தான் கோபம் வந்திருக்கும்.

‘முதலே சொல்லவேணும். தனியச் சொல்லவேணும்’ என்று சாரங்கி முடிவுசெய்தாள். மூக்கை இன்னொரு முறை சிந்தினாள். பிறகு பசித்தது. குசினிக்குப் போய் இரண்டு ரொட்டி சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டு அலுமாரியைத் திறந்து, மிச்சம் இருந்த ஐந்து சிட்டிகளையும் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு கப்டன் வீட்டுக்குப் போனாள். ஜதுர்சனும் பின்னாலேயே போனான்.

“கப்டன், நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்கச் சில பொருள் கொண்டு வந்திருக்கிறேன்” என்றாள்.

ஐந்தையும் ஒவ்வொன்றாக அந்த விளக்குக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். தன்னுடைய இரண்டையும் கவிழ்த்து வைத்தாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கப்டனுக்குக் கண் இருக்கிறது, பூதக்கண்ணாடி இருக்கிறது, முப்பது வருசமாகப் பார்த்த பழக்கம் இருக்கிறது. அவராகவே பார்க்கட்டும் என்று நினைத்தாள்.

கப்டன் பார்த்தார். முதலாவதை எடுத்தார். மூக்கைப் பார்த்தார், கரியைப் பார்த்தார், பெருவிரல் குழியைப் பார்த்தார். இரண்டாவதை எடுத்தார். அதன் கரியை மோந்து பார்த்தார். பிறகு துணியில் கிடந்த விளக்கை எடுத்து மோந்து பார்த்தார். ஒரு சின்னத் தூரிகையை எடுத்து, கழுவமாட்டேன் என்று சொல்லி வைத்திருந்த சேற்றில் ஒரு மூலையை மட்டும் மெல்லத் தட்டினார். ‘சா’வின் பாதி வெளியே வந்தது.



“உன்னுடையதா?” என்று கேட்டார் கப்டன்.

“ஓம்…” என்று தமிழில் சொல்லிவிட்டாள் சாரங்கி. பிறகு டேனிஷில் சொன்னாள். “போன நவம்பரில் செய்தது. எனக்கு அன்றைக்கே தெரியும். நீங்கள் இவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.”

கப்டன் எழுந்து பின்கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். யன்னல் வழியாக அவருடைய முதுகு தெரிந்தது. ஆப்பிள் மரத்தடியில் அசையாமல் நின்றார்.

“அக்கா, அவர் அழுறாரே?” என்று கேட்டான் ஜதுர்சன்.

“தெரியேல்ல.”

“நாங்கள் ஓடுவமே?”

“இல்லை. இருப்பம்” என்றாள் சாரங்கி. அவள் கதிரையிலிருந்து எழும்பவில்லை.

நீண்ட நேரம் கழித்துக் கப்டன் உள்ளே வந்தார். மூக்கு சிவந்திருந்தது. நேரே அலுமாரிக்குப் போய்ப் பெரிய பதிவுப் புத்தகத்தை எடுத்து விரித்தார். கடைசி வரியில் ‘விளக்கு, சுமார் 6000 ஆண்டு’ என்று அழகான கையெழுத்தில் இருந்தது.

“கப்பல் பதிவேட்டில் பிழை வந்தால் அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது” என்றார். “ஒரே ஒரு கோடு போடவேண்டும். கீழே என்ன எழுதியிருந்தது என்று வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதிக் கையொப்பம் வைக்கவேண்டும்.”

அடிமட்டம் வைத்து ஒரு கோடு போட்டார். பக்கத்தில் ‘போன நவம்பர்’ என்று எழுதிக் கையொப்பம் வைத்தார்.

“ஆசை வந்து கண்ணை மறைத்துவிட்டது. ஆறாயிரம் ஆண்டு நிலத்துக்குள் கிடந்த பொருளில் எள்ளெண்ணெய் மணக்குமா? மோந்து பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்” என்றார்.

பிறகு பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சாரங்கியை உற்றுப் பார்த்தார். எதையோ புதிதாகக் கண்டுபிடித்தவர் போல அவருடைய புருவம் மெல்ல மெல்ல மேலே போனது.

“பொறு, பொறு” என்றார். “முப்பது ஆண்டாக இந்தச் சிப்பிகளிடம் கேள்வி கேட்கிறேன். ஒன்றாவது வாய் திறந்ததா? நான் நிலத்திலிருந்து எடுத்த பொருள்களில், செய்த ஆளையே உட்காரவைத்துக் கேட்கக்கூடியது இது ஒன்றுதானே! சாரங்கி, நாளைக்கு மண்டபத்துக்கு வருவாயா? நான் கேட்கிறேன், நீ பதில் சொல்லு.”

“எல்லாரும் சிரிப்பார்களே?”

“சிரிப்பார்கள். முதலில் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

சனிக்கிழமை ஊர் மண்டபம் நிறைந்துவிட்டது. கேக்கில் குட்டிக் குட்டி டேனிஷ் கொடிகள் குத்தியிருந்தன. சாரங்கியின் அம்மா இருநூறு ரோல்ஸ் பொரித்துக் கொண்டு வந்திருந்தார். நாற்பது பேருக்கு எதற்கு இருநூறு என்று அப்பா கேட்டதற்கு, “குறைஞ்சால் மரியாதை இல்லை” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அருங்காட்சியகத்துப் போடிலுக்குக் கப்டன் வெள்ளிக்கிழமையே தொலைபேசியில் உண்மையைச் சொல்லிவிட்டார். இருந்தாலும் அவர் வந்திருந்தார், முன்வரிசையில், குறிப்புப் புத்தகத்தோடு.

கப்டன் எழுந்து நின்றார். கடற்படைக் காலத்து நீலக் கோட்டைப் போட்டிருந்தார். வயிற்றுக்கு மேலே ஒரு பொத்தான் பூட்டவில்லை.

“நண்பர்களே, ஆறாயிரம் ஆண்டுப் பழைய விளக்கைக் காட்டுகிறேன் என்று சொல்லி உங்களை அழைத்தேன். அதில் ஒரு சின்னத் திருத்தம்” என்றார். “ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆண்டுகளைக் கழித்துக்கொள்ளுங்கள்.”

மண்டபம் குலுங்கச் சிரித்தது. கப்டனும் சேர்ந்து சிரித்தார். அவருடைய சிரிப்புத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கேட்டது. சாரங்கிக்கு ஒரு கிழமையாக நெஞ்சுக்குள் இருந்த கல் கீழே விழுந்தது போல இருந்தது.

“இந்த விளக்கைச் செய்த கைவினைஞர் நல்லவேளையாக உயிரோடு இருக்கிறார்” என்று சொல்லி அவளை அழைத்தார் கப்டன்.

மேடையில் இரண்டு கதிரைகள். ஒன்றில் கப்டன் பதிவுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். மற்றதில் சாரங்கி. அவளுடைய கால் நிலத்தில் முட்டவில்லை.

“முதலாவது கேள்வி. ஒரு முனையை ஏன் கிள்ளினீர்கள்?”

“திரி சரியாமல் நிற்க.”

காட்டச் சொன்னார். சாரங்கி எண்ணெய் விட்டு, பஞ்சுத் திரியை மூக்கில் வைத்தாள். கப்டன் கொளுத்தினார். யாரோ மண்டபத்து விளக்குகளை அணைத்தார்கள். சின்னச் சுடர் ஆடி ஆடி நின்றது. எல்லாரும் “ஓ…” என்றார்கள். பின்வரிசையில் அம்மா மட்டும், “கவனம், கப்டன்ர கோட்டிலை எண்ணெய் பட்டுது எண்டால் போகாது” என்றார்.

“வீட்டில் வெளிச்சம் இல்லை என்றா இதைச் செய்தீர்கள்?”

“இல்லை. வீட்டில் நல்ல வெளிச்சம் இருக்கிறது. அன்றைக்கு எங்களுக்கு விளக்கீடு. வருசத்தில் ஒரு நாள், எல்லாரும் வீட்டு வாசலில் விளக்கு வரிசையாக வைப்போம். இருட்டுக்கு நாங்கள் பயமில்லை என்று காட்டுகிற மாதிரி.”

“உங்கள் காலத்தில் வேறு கைவினைஞர்களும் இருந்தார்களா?”

“தம்பியும் செய்தான். ஆனால் அவனுடையது கோணல்.”

“கோணல் இல்லை! அது கப்பல்!” என்று கீழேயிருந்து கத்தினான் ஜதுர்சன். கப்டன் அதையும் எழுதிக்கொண்டார்.

“கடைசிக் கேள்வி” என்றார். தாளைப் புரட்டினார். “உண்மை தெரியும் முன் இதைப் பற்றி நான் இரண்டு பக்கம் எழுதினேன். ஆறு விளக்குச் செய்தீர்கள். ஐந்தை வீட்டுக்குக் கொண்டுபோனீர்கள். ஒன்றை மட்டும் கடலைப் பார்த்தபடி கரையில் விட்டுவிட்டுப் போனீர்கள். ஏன்? கடலுக்குப் படையலா? செத்தவர்களுக்கு வழிகாட்டவா? மீன் நிறையக் கிடைக்கவேண்டும் என்ற வேண்டுதலா?”

போடில் பேனாவைத் தூக்கிப் பிடித்தார். சாரங்கி நன்றாக யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு இஷ்டமில்லை.

“மழை வந்துவிட்டது” என்றாள். “எல்லாரும் காருக்கு ஓடினோம். ஒன்றை எடுக்க மறந்துபோனோம்.”

இந்த முறை சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆனது. கப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டே ‘மழை’ என்று எழுதி, சாரங்கியிடம் பேனாவைக் கொடுத்துப் பக்கத்தில் கையொப்பம் வாங்கினார். அவள் ‘சா’ என்று போட்டாள்.

ரோல்ஸ் சாப்பிடுகிற நேரம் போடில் அவளைத் தேடி வந்தார்.

“எங்கள் அருங்காட்சியகத்தில் இதே மாதிரி ஒரு விளக்கு இருக்கிறது. அது உண்மையிலேயே பழையது” என்றார். “அதையும் யாரோ கரையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏன் விட்டார்கள் என்று பக்கத்துப் பலகையில் மூன்று பெரிய காரணம் எழுதி வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை போய் இன்னும் ஒரு வரி சேர்க்கவேண்டும்.”

“என்ன வரி?” என்று கேட்டான் ஜதுர்சன், வாய் நிறைய ரோல்ஸோடு.

போடில் சாரங்கியைப் பார்த்துச் சிரித்தார்.

“‘ஒருவேளை மழை வந்திருக்கும்.’”